கிளாரன்ஸ் வீட்டு மீன் கட்லெட்

ஞாயிற்றுக்கிழமை காலை, போனை வைக்கப்போகும்போதுதான் மாரிச்செல்வி அதைச் சொன்னாள்.

"அப்பா, சொல்ல மறந்துட்டேன். பக்கத்து வீட்டு கிளாரன்ஸ் தவறிட்டாரு. போன வாரமே. தூக்கத்துலயே போயிட்டாராம்."

தங்கப்பாண்டியன் "அப்படியா" என்றார். அடக்கம் பண்ணிவிட்டார்களா என்று கேட்டார். பண்ணிவிட்டார்களாம். பிள்ளையைக் குளிப்பாட்டணும் என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

அவர் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ராஜபாளையத்து வீட்டில் தனியாள்தான். மதியச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து கேரியரில் வரும். இரவுக்கு அதில் மிச்சமிருப்பது போதும்.

போன வருடம் மகள் பிடிவாதமாக அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனாள். லூசியானாவில் ஒரு சின்ன ஊர். விடிந்ததும் மகளும் மருமகனும் வேலைக்குப் போவார்கள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள். தெருவில் கார்கள் போகும், ஆள் நடக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு வருடா வருடம் பந்தோபஸ்து நின்றவருக்கு, மனிதக் குரலே கேட்காத அந்தப் பகல்கள் நகரவே மாட்டேன் என்றன.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளாரன்ஸ் கையசைத்தார். எண்பதை நெருங்கிய கறுப்பர். படகு இன்ஜின் பழுது பார்த்தவர். அவரும் மனைவியை இழந்தவர். ஏரியில் பிடித்த கெளுத்தியை வேகவைத்து, முள் எடுத்து, காரமாகப் பிசைந்து, வட்டம் வட்டமாகத் தட்டிப் பொரிப்பார். கேஜன் சமையல் என்று அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர். தோட்டத்தில் இரண்டு நாற்காலி போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் தின்பார்கள். கிளாரன்ஸ் பேசுவதில் பாதி இவருக்குப் புரியாது. இவர் தமிழில் சொல்வதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. அந்தத் தைரியத்தில் தங்கப்பாண்டியன், மனைவி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்ததும் கிளாரன்ஸ் தன் தட்டிலிருந்து ஒரு கட்லெட்டை எடுத்து இவர் தட்டில் வைத்தார்.

அந்த மனிதர்தான் இப்போது இல்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. டீக்கடைக்குப் போனார். கூட வேலை பார்த்த ஆண்டிச்சாமி அங்கே இருந்தார்.

"கிளாரன்ஸ் செத்துப் போனாருப்பா."

"எந்த கிளாரன்ஸ்? சேத்தூர் ஸ்டேஷன்ல இருந்தாரே, அவரா?"

"இல்ல. அமெரிக்காவுல, மக வீட்டுக்குப் பக்கத்துல."

"வயசு எம்புட்டு?"

"எண்பது இருக்கும்."

"அப்ப கல்யாணச் சாவுதான், விடு" என்று சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

உள்ளூர்ச் சாவென்றால் மாலை வாங்கிப் போகலாம். துட்டி வீட்டு வாசலில் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கலாம். மயானம்வரை நடக்கலாம். இந்தச் சாவுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. டீயை முடிக்காமல் எழுந்து மீன்கடைப் பக்கம் நடந்தார்.

கண்மாய் மீன் விற்கும் முத்துப்பேச்சி அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏட்டையா, என்ன அதிசயமா இந்தப் பக்கம்?"

"கெளுத்தி இருக்காம்மா? முள்ளு எடுத்துத் தருவியா?"

"பச்சையா எடுத்தா சதை போயிரும். வேக வச்சு, ஆறுன பொறவு உருவுங்க, நடுமுள்ளு கழண்டு வந்துரும். குழம்புக்கா?"

"இல்ல. வேறொண்ணுக்கு."

வெங்காயம், குடைமிளகாய், முட்டை, ரஸ்க் வாங்கிக்கொண்டார். கிளாரன்ஸ் பொடியாக நறுக்கிப் போடும் ஒரு பச்சைத் தண்டு எந்தக் கடையிலும் இல்லை. அவர் தூவிய காய்ந்த இலைக்கு ஓமவல்லி வாசனை இருந்தது நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டில் கேட்டு, தொட்டியிலிருந்து நாலு இலை பறித்து வந்தார்.

மீனை வேகவைத்து முள் எடுக்கவே வெகுநேரம் ஆனது. நறுக்கிய காய், ஒரு முட்டை, கொஞ்சம் ரஸ்க் தூள், மிளகாய்த் தூள், மிளகுத் தூள், நசுக்கிய பூண்டு போட்டுப் பிசைந்து தட்டி எண்ணெயில் விட்டார். விட்டதும் பிரிந்து சட்டி முழுக்கத் தூளாய் மிதந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சநேரம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிசைந்ததில் மிச்சத்தை அப்படியே விட மனமில்லை. எழுந்து இன்னொரு முட்டையை ஊற்றி, ரஸ்க் தூளைக் கூட்டிப் பிசைந்தார். இந்தத் தடவை உடையவில்லை. இருபுறமும் செம்பழுப்பாக வந்தது.

நின்றுகொண்டே ஒன்றைப் பிட்டுத் தின்றார். அதே ருசி இல்லை. ஆனால் காரம் அதேபோல மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. துடைக்க ஆளில்லாத வீடுதானே என்று அப்படியே விட்டுவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் மகளை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அப்போது காலை.

"கிளாரன்ஸ் வீட்டுல இப்ப யாரு இருக்காக?"

"அவரு மகன் வந்திருக்காரு. சாமானெல்லாம் ஒதுக்கிட்டு இருக்காரு."

"போனை அவர்ட்ட கொண்டு போ. நான் துட்டி கேக்கணும்."

"அப்பா, நமக்கு அவரு பழக்கமே இல்லையே."

"துட்டி கேக்குறதுக்குப் பழக்கம் என்னத்தா வேணும்? போ."

அவள் நடப்பது திரையில் குலுங்கியது. வழுக்கைத் தலையோடு ஒரு பெரிய மனிதர், கையில் அட்டைப்பெட்டியோடு தெரிந்தார். தங்கப்பாண்டியன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், உங்கள் அப்பா எனக்கு நண்பர், இன்று இதைச் செய்தேன் என்று சொல்லித் தட்டைத் தூக்கிக் காட்டினார். அந்த மனிதர் பெட்டியைக் கீழே வைத்தார். திரைக்கு அருகில் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு ஏதோ வேகமாகச் சொன்னார்.

"என்னத்தா சொல்றாரு?"

மாரிச்செல்வி தமிழில் சொன்னாள்.

"உங்களைப் பத்தி அவிய அப்பா சொல்லியிருக்காராம். இந்தியாக்காரர் ஒருத்தர் வந்தாரு, பொண்டாட்டி செத்தத என்கிட்ட சொன்னாரு, பாஷைதான் தெரியல, ஆனா எனக்கு அது தெரிஞ்ச கதைதான்னு."

தங்கப்பாண்டியன் தட்டைக் கீழே வைத்தார். நன்றி என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

திரும்ப நடக்கும்போது மகள் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மாவப் பத்தி அவர்ட்ட பேசுனீங்களாப்பா? எங்கிட்ட ஒரு நாளும் பேசுனதில்லையே."

"நீ அழுவேன்னுதான்."

"இப்பவும் அழுகத்தான் செய்றேன். சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில ஒங்கம்மா, வீட்டுக் கொல்லைக் கதவைப் பூட்டுனீகளா, பூட்டுனீகளான்னு கேட்டுக்கிட்டே கிடந்தா" என்றார். "பூட்டிட்டேன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரத்துல மறுபடி கேப்பா."

மகள் அழுகையினூடே சிரித்தாள். அதற்குள் உள்ளே குழந்தை சிணுங்கியது. "நாளைக்குக் கூப்பிடுறேன்ப்பா, மிச்சத்தையும் சொல்லணும்" என்று ஓடினாள்.

வீடு பழையபடி அமைதியானது. மிஞ்சியவற்றைக் கிண்ணத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தார். மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.