கை எட்டாத உயரம்

வண்டியின் உயரத்தைக் கூட்டத் தன் பட்டறைக்கு வருகிறவர்களை ஸ்பிரிங்காரர் இரண்டு ரகமாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று, கரடுமுரடான பாதையில் போகிறவர்கள். மற்றது, கரடுமுரடான பாதையில் போவதாகத் தெருவுக்குக் காட்டிக்கொள்கிறவர்கள். இரண்டாவது ரகத்தால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. அதனால் அவர்களைத் திட்டமாட்டார், முதுகுக்குப் பின்னால் சிரிப்பதோடு சரி. அன்று காலை பழைய பிக்கப்பை ஓரம் கட்டி இறங்கிய டைல்ஸ்காரன் எந்த ரகத்திலும் அடங்கவில்லை.

"எவ்வளவு உயரம் வேணும்ண்ணே?"

"கீழ ஒருத்தன் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினா மேல தகரம் எட்டக் கூடாது. அவ்வளவு."

ஸ்பிரிங்காரர் காதைக் குடைந்துகொண்டார். பாறை இடிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். மச்சினன் வண்டியைவிட ஒரு விரலாவது கூட இருக்கணும் என்று வெட்கமில்லாமல் கேட்டிருக்கிறார்கள். கை எட்டக் கூடாது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு விஷயம் தெரியாது. நமக்குத் தெரிந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது, சொல்லிவிடுகிறேன். அந்த வண்டிக்கு அடியில்தான் டைல்ஸ்காரனின் தம்பி செத்துப்போனான். ஓட்டியது இவன்.

அண்ணன் தம்பி இருவரும் குடோனிலிருந்து கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு டைல்ஸ் ஏற்றிப் போவார்கள். மூத்தவன் ஓட்டுவான். இளையவன் பின்னால் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து, உடையாமல் பிடித்துக்கொண்டு வருவான். இருவருக்கும் வாய்ப்பேச்சு குறைவு. எல்லாம் தட்டுதான். இளையவன் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போலாம். இந்த ஏற்பாட்டில் ஒரு நாளும் ஒரு பிசகும் வந்ததில்லை.

அந்தப் பிசகு வந்த அன்று நல்ல வெயில். பாதி கட்டி நின்ற ஒரு கட்டடத்தில் பெட்டிகளை இறக்கி முடித்தார்கள். சுற்றிலும் மருந்துக்குக்கூட நிழல் இல்லை. மூத்தவன் கையெழுத்து வாங்க உள்ளே போனபோது, இளையவன் வண்டிக்கு அடியில் புகுந்து கண்ணயர்ந்துவிட்டான். திரும்பி வந்த மூத்தவன், தம்பி வழக்கம்போலப் பின்னால் ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். முதுகுக்குப் பின்னால் தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது. போலாம் என்கிறான். கிளட்ச்சை விட்டான்.

சக்கரம் தொடவில்லை. பின் சக்கரங்களை இணைக்கும் அச்சின் நடுவே தொங்கும் இரும்பு உருண்டைதான் தம்பியை முடித்தது.

"வண்டி தாழ்வுப்பா. ஒரு சாண் உயரமா இருந்திருந்தா பையன் பிழைச்சிருப்பான், நீ என்ன பண்ணுவ." அம்மா இதைச் சொன்னாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் சொன்னார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரரும் பெரிய நிபுணர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். மூத்தவன் அந்தப் பேச்சை இறுகப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினான். ஆனால் இரண்டு தட்டு கேட்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸில் சொல்லவில்லை, பெற்றவளிடம் சொல்லவில்லை. தம்பி மனைவியிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான்?

படுத்தால் அதே கணக்குதான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இன்ஜின் உறுமியதும் பதறி விழித்தவன் ஒரு தட்டு தட்டியிருக்கிறான். வண்டி அடங்கவில்லை என்றதும் இன்னொரு தட்டு தட்டியிருக்கிறான். நிறுத்து, நிறுத்து. இரண்டையும் சேர்த்துப் போலாம் ஆக்கியது இவன் காது. பாழாய்ப்போன காது.

அதற்குப் பிறகு சாவியைத் திருப்பும்போதெல்லாம் அடியிலிருந்து இரண்டு தட்டு கேட்க ஆரம்பித்தது. ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அத்தனை பேரிடமும் காட்டினான். ஒருவர் புஷ் மாற்றினார், ஒருவர் ஷாக் மாற்றினார். "சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று உதட்டைப் பிதுக்காதவர் பாக்கியில்லை.

இது போதாதென்று இளையவன் மனைவி வேலைக்கு வந்து நின்றாள். "வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு, வண்டில வந்து பெட்டியைப் பார்க்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே புருஷன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள், புருஷன் தட்டிய மாதிரியே இரண்டு தட்டு தட்டினாள். கேட்டது அவள் தட்டா, அடியிலிருந்து வரும் தட்டா? கண்ணாடியில் அவள் தலை தெரிகிற வரை கிளட்ச்சை விட மாட்டான். ஒரு நாள் தலை தெரியாமல் போனால் என்ன ஆகும்?

"தட்டாதம்மா, குரல் குடு போதும்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தான்.

"தட்டினா என்ன மாமா?" என்று அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அவன் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

அதனால்தான் இந்தக் கடைக்கு வந்தான். கை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டால் தட்டும் நிற்கும், அதை அவளிடம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போகும் என்பது அவன் எண்ணம். அன்று லோடு இல்லாததால் அவளும் கூட வந்திருந்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்பிரிங்காரர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கடை விரித்தார். "அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒரு கட்டை வெச்சுத் தூக்கலாம். சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா நீங்க லோடு அடிக்கிற ஆளு, பிரேக் போட்டா அச்சு முறுக்கிக்கும். வேண்டாம். பட்டை ஸ்பிரிங் செட்டையே புதுசா, வளைவு கூடினதா மாத்திடறேன். முன்னாடி சக்கரத்தைத் தாங்கற ஸ்ட்ரட்டுக்கு மேல ஒரு வட்டு. நாலு இஞ்ச் ஏறும். பிரேக் ஆயில் போற ஹோஸ் எட்டாது, அதையும் நீளமாப் போட்டுடலாம்."

"இன்னும் நாலு இஞ்ச் மேல டைல்ஸ் பெட்டியை யார் தூக்கறது?" என்றாள் இளையவன் மனைவி. "இவரா? இவர் இடுப்பு ஏற்கெனவே தகராறு."

ஸ்பிரிங்காரர் சிரித்தார். மூத்தவன் சிரிக்கவில்லை. "போடுங்க" என்றான்.

"போட்டுடலாம். ஆனா ஒண்ணு, அப்புறம் வந்து சண்டை பிடிக்காதீங்க. ஸ்பிரிங் இருக்கிறது அச்சுக்கு மேல. வண்டிச் சட்டம் ஏறும், பெட்டி ஏறும், நீங்க ஏறுவீங்க. அச்சு ஏறாது. நடுவுல தொங்குதே உருண்டை, அது இன்னிக்குத் தரையிலேர்ந்து எவ்வளவு இருக்கோ அவ்வளவேதான் இருக்கும். பெரிய டயர் போட்டா ஒரு விரல் ஏறலாம்."

"இது ஏறவே ஏறாதா?" இளையவன் மனைவி எழுந்து வந்து, குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தாள்.

"ஏறாதும்மா. வண்டியை மாடிக்குத் தூக்கினாலும் அது தரையிலதான் நிக்கும்."

மூத்தவனும் குனிந்து பார்த்தான். அம்மாவும் போலீஸ்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அவனுக்குக் கொடுத்திருந்த ஒரு சாண் ஆறுதலை, இந்த மனுஷன் பீடியைப் பற்றவைத்தபடியே பிடுங்கிவிட்டார். ஒரு சாண் இல்லை, ஒரு ஆள் உயரம் தூக்கியிருந்தாலும் தம்பி செத்துத்தான் இருப்பான். வண்டியின்மேல் பழி போட இனி வழியில்லை. மிச்சம் இருப்பது அந்த இரண்டு தட்டு மட்டும்தான். "பரவாயில்லை, போடுங்க" என்று மறுபடி சொன்னான். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

வேலை நடந்தது. துருவேறிய போல்ட்டுகள் எண்ணெய் குடித்து, கெட்ட வார்த்தை கேட்டு, ஒவ்வொன்றாக இளகின. பழைய பட்டை ஸ்பிரிங் இறங்கிப் புதியது ஏறியது. பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தினார் ஸ்பிரிங்காரர். கடைசி முறுக்கை, வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் கிழிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, உருளை வைத்த பலகையில் படுத்து அடியில் தள்ளிக்கொண்டு போனார். அந்த வாய் அடியில் போயும் ஓயவில்லை.

"அண்ணே, அடியில தார் பெயின்ட் யார் அடிச்சது? காயறதுக்குள்ள எவனோ கையை வெச்சு அறைஞ்சிருக்கான். அச்சு அசலா அப்படியே பதிஞ்சு கிடக்கு. ஒண்ணு மேல ஒண்ணா, ரெண்டு தடவை."

துரு பிடிக்காமலிருக்க அந்தப் பெயின்டை அடித்தது தம்பிதான், சாவதற்கு முந்தின நாள். மூத்தவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

அடியிலிருந்து குரல் குஷியாக வந்தது. "நீங்க கேட்டது கனகச்சிதமா வந்திருக்கு. நானும் கையை நீட்டிப் பார்க்கறேன், எட்டலை. சட்டம் எட்டும், ஆனா அது கெட்டி இரும்பு, அதுல தட்டினா வெளில ஒரு சத்தமும் வராது. இனிமே இங்க படுத்தவன் தொண்டை கிழியக் கத்தினாதான் உண்டு."

இளையவன் மனைவி பலகையின் விளிம்பைக் காலால் தட்டினாள். "வெளில வாங்க. நான் பார்க்கணும்."

"துணியெல்லாம் கிரீஸ் ஆயிடும்மா."

"வாங்கன்னா வாங்க."

அவர் வந்தார். அவள் படுத்தாள், தரையைக் கையால் உந்தி உள்ளே போனாள். மூத்தவனுக்கு அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இன்ஜின் அணைந்திருக்கிறது, சாவி தன் பையில் இருக்கிறது என்று தெரிந்தும் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவள் சீக்கிரம் வரவில்லை. உள்ளே துணி உரசும் சத்தம் கேட்டது. எக்கிப் பார்க்கிறாள்.

"எட்டலை மாமா" என்றாள் அடியிலிருந்து.

வெளியே வந்து எழுந்தவள் முதுகைத் தட்டக்கூட இல்லை. அழவும் இல்லை. "கடைசியா அவரைக் கழுவினப்ப வலது உள்ளங்கை கறுப்பா இருந்துச்சு. பெயின்ட் அடிச்சுட்டு வந்த அன்னிக்கு அந்தக் கை சுத்தமாத்தான் இருந்துச்சு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், போகலை. தட்டியிருக்கார்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உங்களுக்குக் கேட்டுச்சான்னு மட்டும்தான் தெரியலை."

மூத்தவன் பையிலிருந்த சாவியை மறுபடி தடவினான்.

"கேக்கலைன்னா உங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம். கேட்டிருந்தா நீங்களே ஒரு நாள் வாயைத் திறப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குத்தான் வேலைக்கே வந்தேன். தினம் ரெண்டு தட்டு தட்டினேன். தட்டினப்பல்லாம் கண்ணாடில உங்க மூஞ்சியைப் பார்த்தேன்." பிறகு கேட்டாள். "கேட்டுச்சா மாமா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். பிறகு அவள் முன்பு உட்கார்ந்திருந்த டயர்மேல் சரிந்து உட்கார்ந்தான். ஸ்பிரிங்காரர் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு, யாரும் கூப்பிடாமலே கடைக்குள் போய்விட்டார். அந்த மனுஷனுக்குப் பேச்சு நின்றதை அன்றுதான் அந்தக் கடைச் சுவர் பார்த்திருக்கும்.

மூத்தவன் முனகினான். "நீ வராத அன்னிக்கும் கேக்குது. பின்னாடி யாருமே இல்லாதப்பவும் கேக்குது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நான் இல்லை" என்றாள். பிறகு கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணே, இறக்கிடுங்க. பழைய ஸ்பிரிங்கையே போடுங்க. இனிமே யார் இதுக்கு அடியில படுத்தாலும் அவங்க கை எட்டணும்."

"ஏத்தின சூட்டோட இறக்கச் சொல்ற ஆளுங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று வெளியே வந்தார் ஸ்பிரிங்காரர். இருவர் முகத்தையும் பார்த்தார். ஸ்பானரை எடுத்தார்.

மாலை வெயில் கடை வாசலுக்கு வந்தபோது வண்டி பழைய உயரத்துக்கு இறங்கியிருந்தது. மூத்தவன் சாவியை எடுத்தான். அவள் நகர்ந்து வழி விடவில்லை.

"நீங்க தலையை ஆட்டினது எனக்குப் புரிஞ்சுது. கீழ இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பதில் வர்ற வரைக்கும் அவர் தட்டிக்கிட்டுத்தானே இருப்பார்?"

மூத்தவன் சாவியை அவள் கையில் கொடுத்தான். பலகையில் மல்லாந்து படுத்து, இடுப்பு வலி உயிர் போக, உள்ளே தள்ளிக்கொண்டு போனான். அடியில் இருட்டு. பெயின்ட் வாடை. கண் பழகுவதற்கு நேரம் பிடித்தது. முகத்துக்கு நேர் மேலே அந்தக் கை இருந்தது. ஐந்து விரலும் விரிந்து, அதன்மேல் மறுபடி ஐந்து விரல், கொஞ்சம் விலகி, அவசரத்தில் சறுக்கி. கையை நீட்டினான். எட்டியது. தன் உள்ளங்கையை அதன்மேல் வைக்கத் துணிவில்லாமல், பக்கத்தில் வைத்தான். தகரம் குளிர்ந்திருந்தது.

"கேட்டுச்சுடா" என்றான். பிறகு இன்னொரு முறை சொன்னான். "எனக்குக் கேட்டுச்சுடா."