அஞ்சாம் நம்பர் அம்புக்குறி

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அதை யாரும் புதுசா சொல்ல வேண்டாம், என் வீட்டுக்காரர் பீர் முகைதீன் கல்யாணமான நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார். ஆனா அன்னிக்கு அந்தத் தட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினதுக்கு என் கோபம் மட்டும் காரணமில்ல. அந்தப் பார்க்குல அம்புக்குறி வரைஞ்சவனும் ஒரு காரணம். அவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி.

என் மகன் தவ்ஹீதுக்கு இருபத்திரண்டு வயசு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியல்ல பேர் வர்ற வயசு. மழைக்காலம் தொடங்கும்போதே அவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போயிட்டான்னு வார்டு ஆபீசுல போய்ச் சொல்லிட்டு வந்தேன். பொய்தான். பிள்ளை இங்க பர்மாவுலயே, க்யிம்யிண்டைங்ல எங்க வீட்டுப் பின்னறையில இருந்தான். ஜன்னலுக்குத் திரை போட்டு, சத்தம் வெளிய போகாம இருந்தான். அவன் போனைக்கூடப் பிடுங்கி சிம்மை உடைச்சுப் போட்டேன். பொழுது போகணுமேன்னு தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். பேசத் திக்குவான், நினைக்கிறது முழுக்க பர்மா பாஷையிலதான், ஆனா எழுத்து குண்டு குண்டா நல்லா வந்துச்சு. மழை முழுக்க அப்படிப் போச்சு. மழை விட்ட பிறகு அவனுக்குச் சோறு இறங்கல. சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். பெத்தவ எத்தனை நாள் அதைப் பார்த்துக்கிட்டிருப்பா?

கடைசியில ஒருநாள் வாயைத் திறந்து கேட்டது இதுதான்: ஒரே ஒரு தடவை பார்க்குக்குப் போய் தட்டு வீசிட்டு வரணும். அவன் காலேஜ் கூட்டாளிங்க கண்டுபிடிச்சு வச்ச வேலை அது. கோல்ஃப் மாதிரியாம், பந்துக்குப் பதிலா பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலா கம்பத்துல சங்கிலி தொங்குற இரும்புக் கூடை. சைக்கிள் ரிம்மை வாங்கி அவங்களே ஏழு கூடை செஞ்சு நட்டிருந்தாங்க. இப்ப அந்தப் பையன்கள்ல பாதிப் பேர் ஊர்லயே இல்ல, மீதிப் பேர் எங்கேன்னு யாரும் கேட்கிறதில்ல. கூடை மட்டும் நிக்குது.

மாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் மத்தியானச் சோறு அப்படியே திரும்பி வந்ததும் மனசு கேட்கல. வெயில் உச்சியில இருக்கும்போது பார்க்குல ஈ காக்கா இருக்காதுன்னு, ஒரு சைக்கா ரிக்‌ஷா பிடிச்சு, அவனுக்குத் தொப்பியும் முகமூடியும் மாட்டி, நான் மறைச்ச மாதிரி பக்கத்துல உட்கார்ந்து கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கிட்டே போனேன்.

நாலு கூடை வரைக்கும் எல்லாம் நல்லபடியாத்தான் போச்சு. எங்கேர்ந்து வீசணும்னு தெரியறதுக்கு மண்ணுல ஒரு செங்கல்லைப் பதிச்சு நம்பர் எழுதியிருக்கானுங்க, அது பாதி அழிஞ்சு போச்சு. எந்தப் பக்கம்னு மரத்துல வெள்ளைப் பெயிண்ட்டால அம்புக்குறி. ஒவ்வொண்ணையும் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடுச்சு. ஆனா பிள்ளை முகத்துல ரத்தம் ஓடிச்சு. ஒரு தட்டு சங்கிலியில சலக்குனு விழுந்தப்ப சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு. வீசுறதுக்கு முன்னாடி எதிர்ல யாராவது தெரிஞ்சா சத்தம் போட்டு விலகச் சொல்லணும், அது இந்த விளையாட்டுல ஒரு மரியாதைன்னு சொன்னான். ஒளிஞ்சு விளையாடுறவனுக்கு மரியாதை ஒரு கேடான்னு வாயை அடைச்சேன்.

அஞ்சாம் நம்பர்லதான் வினை. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்துல ரெண்டு அம்புக்குறி இருந்துச்சு. ஒண்ணு இடது பக்கம் மூங்கில் புதரைக் காட்டுது, ஒண்ணு நேரா மதிலைக் காட்டுது. மூங்கில் பக்கம்தான் கூடைன்னான் அவன். அந்த அம்பு பழசு, மங்கிப் போச்சு, புதுசா இருக்கிறதுதான் சரின்னேன் நான். கூடையே அங்க தெரியலையே உம்மான்னான். அவன் தேடிக்கிட்டு நிக்க நிக்க எனக்குப் பயம் ஏறிச்சு, பயம் ஏறினா எனக்குக் கோபமாத்தான் வெளிய வரும். கொடுடா இங்கன்னு தட்டைப் பிடுங்கி ஒரே வீச்சு. அத்தனை மாசம் உள்ள கிடந்தது எல்லாம் அந்தக் கையில வந்துடுச்சு போல. தட்டு மதிலைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் எதையோ உடைச்சது, கண்ணாடிச் சத்தம் கேட்டுச்சு.

போனா போகுது, ஒரு பிளாஸ்டிக் தட்டுதானே, வாடா போகலாம்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். அவன் நின்ன இடத்தை விட்டு நகரல.

"அதுல என் பேர் இருக்கு, உம்மா," என்றான்.

தொலைஞ்சா எடுத்தவங்க திருப்பிக் கொடுக்கட்டும்னு எல்லாரும் தட்டுக்குப் பின்னால பேரும் போன் நம்பரும் எழுதி வைப்பாங்களாம். அதுவும் ஒரு மரியாதையாம். அவனுக்குத்தான் போன் இல்லையே, யார் நம்பரை எழுதினேன்னு கேட்டேன். அவன் சொல்றதுக்குள்ள என் பைக்குள்ள போன் அடிச்சது.

எடுக்காம இருந்தா சந்தேகம் வரும்னு எடுத்தேன். ஒரு ஆம்பளைக் குரல் பர்மா பாஷையில பேசுச்சு. தட்டு ஒண்ணு வந்து டீ கிளாசை உடைச்சிருக்கு, வார்டு ஆபீசுக்குப் பின்கட்டு, வந்து எடுத்துக்கிட்டுப் போங்கன்னுச்சு. அந்த ஆபீசுக்கு நான் எப்பவும் முன் ரோடு வழியாத்தான் போயிருக்கேன். அதோட முதுகு இந்தப் பார்க்குலதான் இடிக்குதுன்னு நான் என்ன கனவா கண்டேன்?

இவனைத் தனியா ரோட்டுல அனுப்ப முடியாது, முனையில சோதனை நடந்தா என்ன பண்றது. போகாம இருந்தாலும் அந்த நம்பர் யாருதுன்னு பார்த்துடுவாங்க. அதனால அவனை மூங்கில் புதருக்குப் பின்னால உட்கார வச்சு, நான் வர்றவரைக்கும் மூச்சுகூட விடாதேன்னு சொல்லிட்டு, மதிலோரமா நடந்து பின்கேட்டைத் தட்டினேன்.

உள்ள வார்டு தலைவர் ஊ சோ நைங் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துல நின்னது ஆபீஸ் கிளார்க் ஜெபதாஸ். தன்லியின் ஊர்க்காரர், மிஷன் ஸ்கூல் குடும்பம். பேர்தான் தமிழ்ப் பேர், என்கிட்ட ஒருநாளும் ஒரு வார்த்தை தமிழ் பேசினதில்ல. தலைவர் என்னைப் பார்த்ததும், அட மா நபீஸாவான்னு சிரிச்சார். நான் மன்னிப்புக் கேட்டேன், கிளாசுக்குக் காசு தர்றேன்னேன். அதெல்லாம் அவர் காதுலயே வாங்கல. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது யார் விளையாடுறதுன்னு கேட்டார். என்னுதுதான், சர்க்கரை வியாதிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், சும்மா நடந்தா சலிப்பா இருக்குன்னேன். இந்த வாய்க்கு இப்படி ஒரு பொய் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல.

மகன் மலேசியாவுல சௌக்கியமான்னு கேட்டார். சௌக்கியம்னேன். போன் பண்றானான்னு கேட்டார். வெள்ளி ஜும்ஆ தவறாம பண்றான்னேன். அவர் கண்ணு என் மேல, விரல் தட்டு மேல. இது என்ன எழுத்துன்னு ஜெபதாஸ்கிட்ட நீட்டினார், உங்க ஆளுங்க எழுத்துதானே, படின்னார்.

ஜெபதாஸ் வாங்கிக் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தார். யா அல்லாஹ், நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த எழுத்து, என் கையாலயே என் பிள்ளைக்குக் குழி தோண்டிட்டேனேன்னு உள்ள கதறினேன். அவர் நிதானமா இல்லைன்னு தலையை ஆட்டினார். எனக்குப் படிக்க வராது ஸயான்னு மரியாதையாச் சொன்னார், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷும் பர்மாவும்தான்னார். என் பேர்தான் எழுதியிருக்கேன்னு நானே சொல்லிட்டேன். ஜெபதாஸுக்குத் தமிழே தெரியாதுன்னும் மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டேன்.

தலைவர் விடல. எழுந்து, தட்டை என் கையில கொடுத்து, நீங்க வீசறதை நானும் பார்க்கணுமேன்னார். விளையாட்டாச் சொல்ற மாதிரி இருந்துச்சு, ஆனா கண்ணு சிரிக்கல. பின்கேட்டுலேர்ந்து பார்த்தா மூங்கில் புதர் பக்கத்துல, அவசரத்துல நான் கவனிக்காம விட்ட அந்த அஞ்சாம் கூடை நல்லாத் தெரிஞ்சது. பாவி மகன் சொன்னதுதான் சரி, பழைய அம்புதான் சரியான அம்பு. நான் கூடை பக்கம் போய் நிக்கிறேன், இங்கேர்ந்து வீசுங்கன்னு சொல்லிட்டு அவர் நடக்க ஆரம்பிச்சார். நேரா மூங்கில் பக்கம் போறார். அங்க போய் நின்னா கையெட்டுற தூரத்துல என் பிள்ளை.

கூப்பிட்டு நிறுத்தினா ஏன்னு கேட்பார். நிறுத்தாட்டி என் பிள்ளை போச்சு. அவர் பாதி தூரம் போயிட்டார். எனக்கு வேற வழி தெரியல. தட்டைத் தலைக்கு மேல தூக்கி, அடிவயித்துலேர்ந்து தமிழ்ல கத்தினேன்.

"டேய், ஓடு! பின்பக்கமா வீட்டுக்கு ஓடு, நிக்காதே!"

அவர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால மூங்கில் ஆடுச்சு. ஒரு நீலச்சட்டை தெரிஞ்சு மறைஞ்சது. நான் தட்டை வீசினேன். எங்க போச்சுன்னு நான் பார்க்கல, சத்தியமா பார்க்கல.

அவர் திரும்பி நடந்து வந்தார். என்ன கத்தினீங்கன்னு கேட்டார். வீசுறதுக்கு முன்னாடி சத்தம் போடணும், அது இந்த விளையாட்டுல வழக்கம்னேன். அவர் என்னை விட்டுட்டு ஜெபதாஸ் பக்கம் திரும்பினார். படிக்கத்தான் வராது, கேட்டாப் புரியுமா, இவங்க என்ன சொன்னாங்கன்னார்.

புரியாதுன்னு சொல்லப் போறார்னு நான் தைரியமா நின்னேன்.

புரியும் ஸயான்னார் ஜெபதாஸ். எங்க அம்மா சாகுற வரைக்கும் இந்த பாஷையிலதான் திட்டுவாங்கன்னார்.

கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். இருக்கிற கோபமெல்லாம் அந்த நேரம் என்னைக் கைவிட்டுடுச்சு, அழுகைதான் முட்டுச்சு. ஜெபதாஸ் ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை மூங்கிலைப் பார்த்தார். அப்புறம் பர்மாவுல தெளிவா, கடுதாசி படிக்கிற மாதிரி, எதிர்ல நிக்கிறவங்க விலகிப் போங்க, தட்டு வருது, மேல படும், அப்படின்னு சொன்னாங்க ஸயான்னார்.

தலைவர் கொட்டாவி விட்டார். இனிமே கிளாஸ் உடைஞ்சா அபராதம்னு என்கிட்டயும், போய் அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்துட்டு கேட்டைப் பூட்டுன்னு ஜெபதாஸ்கிட்டயும் சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

ஜெபதாஸ் போய்ப் புல்லுக்குள்ள தேடி எடுத்துட்டு வந்தார். லுங்கியிலேயே மண்ணைத் துடைச்சார். கொடுப்பார்னு கையை நீட்டினேன், கொடுக்காம எழுத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் தமிழ்ல பேசினார். பழைய துணியைப் பெட்டியிலேர்ந்து எடுத்து உதறுற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு.

"இதுல இருக்கிறது உங்க பேர் இல்லையே, அக்கா."

இவர் ஆபீஸ் ஆள். பட்டியல்ல சீல் குத்துற கை இவரோடதுதான். இப்ப காப்பாத்திட்டு நாளைக்கு விலை கேட்க மாட்டார்னு என்ன நிச்சயம்? மழைக்காலம் முழுக்க அந்தப் பேரை நான் வீட்டுக்குள்ளகூடச் சத்தமாச் சொன்னதில்ல. ஆனா இந்த மனுஷன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாம விட்டிருக்கார். என்ன ஆனாலும் ஆகட்டும்னு சொல்லிட்டேன்.

"தவ்ஹீத்."

அவர் அதை மெல்லமா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தட்டை என் கையில வச்சார். பிறகு உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுல என் மக ஷாரோன். பொண்ணுங்க பட்டியலும் வருது. மழைக்கு முன்னாடி உள்ள போனவ, இன்னும் வெயில் பார்க்கல. இந்தத் தட்டு வீசுறதுக்கு நீங்க எந்த நேரம் வருவீங்க, அக்கா?"

இந்தப் பார்க்குப் பக்கம் இனிமே தலைவச்சுப் படுக்கிறதில்லைன்னு கொஞ்ச நேரம் முன்னாடிதான் அல்லா மேல ஆணையா நினைச்சிருந்தேன். பிள்ளை வீடு சேர்ந்தானா இல்லையான்னே இன்னும் தெரியல. ஆனா அந்த மனுஷன் கண்ணு ரெண்டும் என் பிள்ளை திருப்பி அனுப்பின சோத்துத் தட்டைப் பார்த்த என் கண்ணு மாதிரியே இருந்துச்சு. எனக்குக் கோபம்கூட வரல.

உச்சி வெயில்ல வருவோம்னேன். அவர் தலையை ஆட்டிட்டு கேட்டைச் சாத்தப் போனார். நான் கம்பிக்குள்ள கையை விட்டு அவர் சட்டையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"தொப்பி போட்டுக் கூட்டிட்டு வாங்க. அஞ்சாம் நம்பர்ல ரெண்டு அம்பு இருக்கும். மங்கலா இருக்கிறதைத்தான் நம்பணும்னு அவகிட்டச் சொல்லி வைங்க."