ஒட்டகச்சிவிங்கியின் காது

அந்தப் பொம்மைக் கம்பெனியில் யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. செய்கிற வேலைதான் பேர். பஞ்சு அடைக்கிறவர் பஞ்சக்கா. முடிந்த பொம்மையைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிக்கிறவள் செக்கிங்கு. காது, கொம்பு, நாக்கு என்று சில்லறைகளைத் தைத்து ஒட்டுகிறவள் காதுக்காரி. மூன்று பேரும் சிநேகிதிகள். ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். மற்ற இருவரும் போனது பொழுதுபோக்க. காதுக்காரி போனது வழக்குத் தீர்க்க.

வழக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. அவள் இருநூறு ஒட்டகச்சிவிங்கிகளைத் தைத்து முடித்துக் கையை உதறிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் மாதிரிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா இது? கொம்பை உள்ளே வச்சு, காதை வெளியே வச்சிருக்க? மாதிரியில காது உள்ளே, கொம்பு வெளியே."

"மாதிரி தப்பு மாஸ்டர்."

"ஆமா, நீ எந்தக் காட்டுல பாத்த?"

போனில் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் எவனோ வரைஞ்சதும்மா. நேர்ல போய்ப் பாரு. செக்கிங்கையும் கூட்டிட்டுப் போ. அவ வாயில பொய் வராது. அவ சொன்னா ஒத்துக்கறேன். இல்லேன்னா திங்கக்கிழமை உக்காந்து இருநூறையும் பிரி."

இருநூறு பொம்மை, நானூறு காது. நினைத்தாலே விரல் வலித்தது.

உள்ளே நுழைந்ததும் பலகையைப் படித்தாள். ஒட்டகச்சிவிங்கிகளை நாலு மணிக்குக் கொட்டகையில் அடைத்துவிடுவார்களாம். இடம், கடைசிக் கோடி. இப்போது மணி பதினொன்று. நேரே நடந்தால் அரை மணி நேரம்.

நேரே நடக்க யார் விட்டார்கள்?

வரிக்குதிரையைப் பார்த்ததும் செக்கிங்கு ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டாள்.

"இங்க பாரேன். முதுகுல கோடு சேரல. இந்தப் பக்கத்துக் கோடு ஒண்ணு, அந்தப் பக்கத்துக் கோடு ஒண்ணு. நம்மகிட்ட வந்திருந்தா ரிட்டர்ன்தான்."

"அது பொம்மை இல்லடி. உசிரோட நிக்குது."

"உசிர் இருந்தா? கோணலா இருக்கலாமா?"

"வாடி, மணியாகுது."

"இரு, இன்னொண்ணு வருது. அதாவது சரியா இருக்கான்னு பாப்போம்."

ஆறு வரிக்குதிரை இருந்தது. ஆறையும் பார்த்து, ஆறையும் ரிட்டர்ன் செய்த பிறகுதான் அவள் கால் நகர்ந்தது.

அவளை இழுத்துக்கொண்டு கரடிக்கு வந்தால், பஞ்சக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அடைச்சா இப்படி அடைக்கணும்! வயித்துல ஒரு மடிப்பு இருக்கா பாருங்கடி. கழுத்துல ஒரு குழி இருக்கா?"

"அக்கா, திரும்பி வரும்போது பாக்கலாம்."

"திரும்பி வரும்போது அது படுத்துடுச்சுன்னா?"

நீர்யானைக்கு அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "அம்மாடி, இது ஒண்ணுக்கு என் ஒரு மாசப் பஞ்சு காலி!" அந்த ஆச்சரியம் தணியவே இருபது நிமிடம் ஆனது. பிறகு பசித்தது. மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். சாப்பிட்டதும் பஞ்சக்காவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. முட்டி விட்டதும் கண் சொருகியது.

காதுக்காரி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தனியாக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் சாட்சி செக்கிங்கு அல்லவா? அந்தச் சாட்சியோ, குளத்தில் நிற்கும் வாத்துகளுக்கெல்லாம் இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி மூன்றரை.

"தெரியாத்தனமா உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன்! பொம்மை பாக்கணும்னா கம்பெனியிலயே இருந்திருக்கலாம். எந்திரிங்க அக்கா! ஏய், வாத்தை விடுடி!"

"ஏன் இப்படிக் கத்தற? ஒரு நாள் நிம்மதியா சுத்த விடமாட்டியா?" என்றார் பஞ்சக்கா.

"நாளைக்கு நான் இருநூறு பிரிக்கும்போது நிம்மதியா பக்கத்துல உக்காந்து பாருங்க."

அது பஞ்சக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து, எல்லோருக்கும் முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

மூன்று பேரும் இரைக்க இரைக்கப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வேலிக்கு அப்பால் ஒரே ஒரு ஒட்டகச்சிவிங்கி. அதுவும் தலையைக் கொட்டகை ஜன்னலுக்குள் நுழைத்துக்கொண்டு, பின்பக்கத்தை இவர்களுக்குக் காட்டியபடி நின்றது.

"முடிஞ்சுது போ," என்றாள் காதுக்காரி.

வாளியோடு போன காவலாளியைக் கூப்பிட்டாள். "ஐயா, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னா கேக்குமா? எங்க வீட்டுப் பூனையே கேக்கறதில்ல." அவள் முகத்தைப் பார்த்தவர் வாளியைக் கீழே வைத்தார். "சரி, இருங்க."

ஒரு தழைக் கிளையை எடுத்து உலுக்கினார். அது ஜன்னலிலிருந்து மெதுவாகத் தலையை உருவி, கழுத்தை வளைத்து, இவர்களுக்கு நேராகத் திரும்பியது. உச்சியில் இரண்டு குட்டைக் கொம்பு. அதற்குக் கீழே, வெளிப்பக்கமாக, இலை மாதிரி விரிந்த இரண்டு காது.

"பாத்தியா! கொம்பு உள்ளே, காது வெளியே! சொல்லுடி, வாயைத் திறந்து சொல்லு!"

"கொம்பு உள்ளே, காது வெளியே. நீ வச்சதுதான் சரி. மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்," என்றாள் செக்கிங்கு.

காதுக்காரி பஞ்சக்காவைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அந்த மிருகம் தழைக்காக நாக்கை நீட்டியது. ஒரு முழ நீளம். மையில் தோய்த்தெடுத்த மாதிரி கறுப்பு. இருநூறு பொம்மைக்கும் சிவப்பு வெல்வெட்டில் நாக்குத் தைத்ததும் காதுக்காரியின் கைதான்.

செக்கிங்கு கண்ணைச் சுருக்கினாள்.

"நீ ஒண்ணும் பாக்கல," என்றாள் காதுக்காரி அவசரமாக.

"பாத்துட்டேனே."

"அவர் காதைத்தானே கேட்டார்?"

"காதைக் கேட்டா காதைச் சொல்லுவேன். 'மத்ததெல்லாம் சரியா'ன்னு கேட்டா?"

"கேக்க மாட்டார்டி."

"பன்னெண்டு வருஷமா கடைசியில அதைத்தான் கேக்கறார்."

"நாக்குதானே, நாலு தையல். காதுக்கு இது தேவலை," என்றார் பஞ்சக்கா.

"அப்ப நீங்க பிரிங்க!"

"எனக்கு முட்டி வலிடி."

"நாக்கை முட்டியாலயா பிரிப்பாங்க?"

இந்தச் சண்டை நடக்கும்போதே செக்கிங்கு வேலியோரம் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டே நிமிஷம். குளம்பு எப்படிப் பிளந்திருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

காதுக்காரி அவள் கையைப் பிடித்துத் தூக்கி, வாசலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனாள்.