முன்னூற்றுப் பதினெட்டாம் சங்கிலி

“கையை எடுங்கம்மா! பெயின்ட் அடிக்கிறவங்க காலையிலேர்ந்து ஏணியோட நிக்கிறாங்க!”

“நிக்கட்டும். எவனாவது இந்தச் சங்கிலியத் தொட்டான், அந்த ஏணியாலயே போடுவேன்.”

“இது மியூசியம்! நீங்க துணி காயப்போடுற கொடி இல்ல!”

“அதத்தான் பொண்ணே நானும் சொல்றேன். மேல தொங்குறது எங்க வீட்டுத் துணி.”

டிக்கெட் கூண்டில் இருந்த எனக்கு இதற்கு மேல் பொறுமை இல்லை. வரிசையில் நின்ற போலந்துக்காரர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, காப்பிக் கோப்பையோடு சங்கிலிக் கூடத்துக்கு ஓடினேன். நல்ல சண்டையைப் பாதியிலிருந்து பார்ப்பதே நஷ்டம். அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வேறு கேட்பார்களா?

கத்தியவள் சிமோனா. ஹ்லுப்கோவ் சுரங்கத்தை மூடி மியூசியம் ஆக்கிய பிறகு, நகராட்சி தலைநகர் பிராகாவிலிருந்து இறக்குமதி செய்த மேலாளர். சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் எதிர்வீட்டு ஹெத்விகா; ஒரே கட்டடம், ஒரே மாடி. இருவருக்கும் நடுவே தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தவன் போஹுஷ். பழைய சுரங்கக்காரன், இப்போது சுற்றுலா வழிகாட்டி, பத்து வருடமாக ஹெத்விகாவைக் கல்யாணத்துக்குக் கேட்டு ஓயாதவன்.

சுரங்கக்காரர்கள் உடை மாற்றும் அந்தக் கூடத்தில் எங்கள் ஊர் ஆண்களுக்கு அலமாரி கிடையாது, ஆளுக்கொரு சங்கிலி. வேலைக்கு வந்ததும் வெளியுடுப்பைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைக்கு ஏற்றி, கீழே பூட்டிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து குளித்தால் கரியுடுப்பு மேலே போகும், வெளியுடுப்பு கீழே வரும். ஆக, ஒருவன் சுரங்கத்தில் இருக்கிறானா, வீட்டுக்குக் கிளம்பிவிட்டானா என்பதைக் கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுத்தவன் சங்கிலியை யாரும் இறக்க மாட்டார்கள். கீழேயே தங்கிவிட்டவனின் துணி, அவனை மேலே கொண்டுவரும் வரை அங்கேயே தொங்கும்.

ஹெத்விகாவின் புருஷன் அலோயிஸ் வேலை செய்த மட்டத்தில் தீப்பிடித்தது பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில். தீயை அடக்க வழியில்லாமல் ஆட்களோடு சேர்த்துச் சுவர் எழுப்பி மூடினார்கள். சில வருடம் கழித்துத் திறந்தபோது மற்ற எல்லோருடைய உடலும் கிடைத்தது; அலோயிஸ் மட்டும் கிடைக்கவில்லை. மேலே வருகிறவர்கள் ஒப்படைக்க வேண்டிய விளக்கு, அவனுடையது மட்டும் விளக்கறைக்குத் திரும்பியிருக்கவில்லை. சாம்பலாகிவிட்டான் என்றது பாதி ஊர். மீதிப் பாதி, அதே வாரம் கேன்டீன்காரி ஈர்மாவும் காணாமல் போனாளே என்றது. நான் எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

அவன் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அலோயிஸ் சுத்தக்காரன். எதை ஏற்றினாலும் மேலே ஒரு மழைக்கோட்டைப் போர்த்தி மூட்டையாகத்தான் ஏற்றுவான். அந்த மூட்டைதான் முப்பது வருடத் தூசியோடு முன்னூற்றுப் பதினெட்டாம் கொக்கியில் தொங்கியது. காற்றே இல்லாத நாளில் அது மட்டும் ஆடும். நகராட்சி விளம்பரத் தாளில் எங்கள் ஊருக்கு மூன்று பெருமைகள்: நிலம் இறங்கிச் சாய்ந்த தேவாலயம், உள்ளே இன்னும் கனன்றுகொண்டு பனியை உட்கார விடாத கரிக்கழிவு மேடு, “ஆடும் மூட்டை”. தேவாலயம் சாய்ந்த அளவுக்கு எங்கள் செங்கல் வீடுகளும் சாய்ந்துதான் இருக்கின்றன. என் வீட்டில் சூப்பு தட்டின் ஒரு பக்கம்தான் ஆழமாக நிற்கும். அதையெல்லாம் விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

“ஹெத்விகா,” என்றான் போஹுஷ் மெதுவாக. “எறக்கிப் பாத்துருவோமே. எங்க அக்கா வுட்டுட்டுப் போன வீடு ஓலோமோட்ஸ் பக்கம் பூட்டியே கெடக்கு. தோட்டம் இருக்கு. வீடு நேரா நிக்குது.”

“அடைச்ச சுவத்து முன்னால நின்னு சொன்னேன் போஹுஷ். நீ மேல வர்ற வரைக்கும் நான் ஊர வுட்டு நகர மாட்டேன்னு. மேல வெளியுடுப்பு இருந்தா அவர் இன்னும் கீழதான இருக்கார்?”

“கரியுடுப்பு இருந்தா?”

அவள் சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கரியுடுப்பு இருந்தால் அவன் அன்றைக்கே குளித்து, உடுத்தி, ஈர்மாவோடு போய்விட்டான். அவள் கல்லறைத் திருநாள்தோறும் ஏற்றிய மெழுகுவத்தியெல்லாம் ஓடிப்போனவனுக்கு. இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதே அவளுக்குக் குடித்தனமாக இருந்தது.

“கூரை துருப்பிடிச்சுப் போச்சு,” என்றாள் சிமோனா. “எல்லாச் சங்கிலியும் எறங்கியாகணும். நீங்க தொறக்கலன்னா பூட்டை அறுக்கச் சொல்லுவேன்.”

ஏணிக்காரர்களில் இளைஞன் ஒருவன், சிமோனாவைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டே, ரம்பத்தை எடுத்துவிட்டான்.

“வைடா அத!” என்றாள் ஹெத்விகா. “வேத்துக் கை அவர் துணிய எறக்கக் கூடாது.” சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்தாள். நுனியில் அந்தப் பூட்டின் மாற்றுச் சாவி. எதிர்வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அவளிடம் இப்படி ஒரு சாவி இருப்பது எனக்குத் தெரியாது. அந்த அவமானத்தில் காப்பி ஆறிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

துருப்பிடித்த பூட்டு, முரண்டு பிடிக்கும் என்று நினைத்தோம். நேற்று எண்ணெய் விட்டதுபோல் திறந்தது. சங்கிலி கடகடவென்று ஓடியது. மூட்டை இறங்கி எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒரு முறை ஆடி, அடங்கியது.

மழைக்கோட்டின் மேல் விரல் தடிமனுக்குத் தூசி. ஹெத்விகா அதை விலக்கினாள்.

கரியுடுப்பு.

எனக்குப் பின்னாலேயே வந்துவிட்ட போலந்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். போஹுஷ் தலையைக் குனிந்துகொண்டான். “நான் அப்பவே…” என்று தொடங்கிவிட்டேன், நான் என்ன செய்வேன், நாக்கு அப்படி. ஆனால் முடிக்கவில்லை. ஹெத்விகா அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் திருப்பிக் காட்டினாள்.

கை நனைந்திருந்தது. கரித்தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது.

“கூரை ஒழுகியிருக்கும்,” என்றாள் சிமோனா.

“மழை பேஞ்சு எவ்வளவு நாளாச்சு?” என்றான் போஹுஷ். “மேல கோட்டுத் தூசி காஞ்சு கெடக்கு. இது… இது வேர்வ. தொட்டுப் பாரு, சூடு ஆறல.”

கொக்கியடியில் சோப்பு வைக்கும் கம்பிக் கூடை. அதற்குள் ஒரு சோப்புத் துண்டு. அதன் மேல் நுரை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரையில் ஒரு குமிழி உடைந்தது.

போலந்துக்காரர்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஏணி இளைஞன் ரம்பத்தைக் கீழே வைத்தான். ஹெத்விகா சட்டையைப் பிழிந்தாள், உதறினாள், மடித்தாள். ஆயிரம் தடவை செய்தவள் செய்கிற மாதிரி.

“மேல வந்துட்டார்,” என்றாள். “ஷிப்ட் முடிஞ்சிருச்சு.”

“எங்க போயிருப்பான்?” என்று போஹுஷ் கேட்டான்.

“வீட்டுக்குத்தான். வேற எங்க?”

அன்று முதல் ஒரு வாரம், முன்பெல்லாம் காலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் திரும்பிய வேளைக்கு, அவள் உருளைக்கிழங்கு அடை சுட்டு, முட்டைக்கோசு வதக்கி, இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தாள். திறந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரியும், மூடியிருந்தாலும் தெரிந்திருக்கும். யாரும் வரவில்லை. ஏழாம் நாள் அவனுடைய தட்டிலிருந்ததையும் தானே சாப்பிட்டாள். பிறகு படியிறங்கிப் போய், கீழ்வீட்டில் இருந்த போஹுஷின் கதவைத் தட்டினாள்.

“மேல வந்தாச்சு. வீட்டுக்கு வராதது அவர் இஷ்டம்,” என்றாள். “உன் வீடு நேராத்தான் நிக்குதா?”

இலையுதிர் காலத்தில் நகராட்சி மண்டபத்தில் கல்யாணம். கேக் சுமார். மறுநாளே வண்டியேறிப் போய்விட்டார்கள்.

எதிர்வீட்டுக்கு ஓர் இளம் ஜோடி குடிவந்தது. பூட்டை மாற்றினார்கள், சுவருக்கு மஞ்சள் அடித்தார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்பே ஓபாவாவுக்குக் கிளம்பினார்கள். ஏன் என்று கேட்டேன். கேட்காமல் விடுவேனா? பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “மத்தியானம் யாரோ வாசல்ல நின்னு சாவி போட்டுப் பாக்குறாங்க, ஆன்ட்டி. தெறந்தா யாருமில்ல.”

அந்த வீடு காலியான பிறகு எனக்கும் கேட்டது. பழைய காலை ஷிப்ட் விடும் நேரம். படியில் நிதானமாக ஏறும் காலடி. மிதியடியில் ஷூவைத் துடைக்கும் சத்தம், இடது, வலது, மறுபடி இடது. சுத்தக்காரன். சாவி புதுப் பூட்டில் நுழையாமல் தடுமாறும். பிறகு நீண்ட அமைதி. பாவம், குளித்து உடுத்தி வீடு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கீழே வழி தூரம்போல.

ஒரு நாள் அந்த அமைதி என் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. இந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டால் சேதி தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா?

நான் கதவைத் திறக்கவில்லை. கதவில் வாயை வைத்துச் சொன்னேன்: “அலோயிஸ், ஹெத்விகா இங்க இல்லப்பா. நீ வருவேன்னு ஒரு வாரம் சாப்பாடு போட்டு வச்சா. அப்புறம் போஹுஷக் கட்டிக்கிட்டா. நல்லாருக்கா. ஈர்மா வெவகாரத்துல நான் பேசினதெல்லாம் கணக்குல வச்சுக்காத.”

எங்கே என்று அவன் கேட்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. அவள் போன ஊரின் பெயர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கடித்து விழுங்கினேன்.

கடைசியில் காலடி இறங்கிப் போனது. என் மிதியடியில் இரண்டு ஈர அச்சு இருந்தது, நுனி என் வீட்டைப் பார்த்தபடி.

வசந்தத்தில் சிமோனா அந்த ரம்பக்கார இளைஞனையே கட்டிக்கொண்டு பிராகாவுக்குப் போனாள். மூட்டை இல்லாத கொக்கியைக் காட்டியும் டிக்கெட் விற்கிறோம். சங்கிலி இன்னும் ஆடத்தான் செய்கிறது. ஹெத்விகா கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள்; போஹுஷுக்கு முழங்கால் வலியாம், ஆப்பிள் நன்றாகக் காய்த்ததாம். கட்டடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். அதற்கு முன்னால், முகவரி இருக்கும் மூலையை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறேன்.