ஒன்பது அங்குலம்

வில்ஃப் ஹோல்ராய்டின் எடை நூற்றெட்டு கிலோ. நோரா பாரக்ளஃப் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தாள். தன் சரக்கு லிஃப்ட் எதைத் தூக்க வேண்டும் என்பதைவிட எதைத் தூக்கவே கூடாது என்பதில்தான் அவளுக்குக் கவலை அதிகம். தூக்கக் கூடாத பட்டியலில் முதல் பெயர் வில்ஃப்.

அவன் ஆள் கெட்டவனில்லை. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊர்ப் பப்களுக்கு முப்பது வருஷமாக பீர்ப் பீப்பாய் இறக்குகிறவன். ஆனால் கயிறோ சங்கிலியோ தொங்குவதைப் பார்த்தால் போதும், அதில் ஏறிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் மட்டுமா? பீப்பாய் வண்டிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். நோராவின் புருஷன் லெஸ்லியும் அந்த ஜாதிதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பப்பில், படி ஏறச் சோம்பல்பட்டு, சரக்குக் கயிற்றில் தொற்றிக்கொண்டு மேலே வந்தான். பாதியில் கயிறு அறுந்தது. இரண்டு கணுக்காலும் போய், இப்போது பஸ் டிப்போவில் டிக்கெட் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மனுஷன் ஏற முடியாத ஒரு லிஃப்ட் செய்து காட்டுவதாக நோரா அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சபதம் போட்டாள். போட்டபடி செய்தும் விட்டாள்.

எழுபத்தாறாம் வருஷத்து ஜூலை. மழையைக் கண்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. ஊரே பீரில்தான் தாகம் தணித்துக்கொண்டிருந்தது. மேவிஸின் பப்புக்குப் பக்கவாட்டில் இறங்கும் சரிவான சந்தில், நடைபாதையின் இரட்டைப் பலகைக் கதவுகள் திறந்து கிடந்தன. கீழே பத்தடி ஆழத்தில் நிலவறை. போன வாரம்வரை இந்த வாயில் இரண்டு சறுக்குக் கட்டைகளும் ஓர் ஏணியும் இருந்தன. பீப்பாயைக் கயிறு கட்டிச் சறுக்கி விடுவார்கள்; அது கீழே கிடக்கும் வைக்கோல் மூட்டையில் தொப்பென்று விழும். நோரா கட்டைகளைப் பிடுங்கினாள், மூட்டையைத் தூக்கிப் போட்டாள், ஏணியை இரண்டாக அறுத்துக் கொல்லைப்புறம் சாத்தினாள். அந்த வாய் முழுவதையும் இப்போது அவளுடைய கூண்டு அடைத்துக்கொண்டிருந்தது.

மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. நிறைந்த பீப்பாய் தன் எடையில் தானே இறங்கும். இறங்கும்போது கம்பிக் கயிற்றின் மறுமுனையில் கட்டிய எதிர் எடையை மேலே ஏற்றிவிடும். பீப்பாயை எடுத்ததும் எதிர் எடை கீழே வரும். கூண்டு காலிப் பீப்பாய்களோடு மேலே போகும். வேகத்தைப் பிடிக்க ஒரு பிரேக் கைப்பிடி. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். எதிர் எடை ஓடுவதற்கு அவள் ஒதுக்கிய பள்ளத்தின் அகலம் வெறும் ஒன்பது அங்குலம். அந்த ஒன்பது அங்குலத்தில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். பதினோரு மணிக்கு மதுபானக் கம்பெனியின் மேலாளர் லம் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் முப்பது பப்களுக்கு இதே லிஃப்ட்.

"ஏம்மா நோரா, இந்தப் பூனைக் கூண்டுல நான் எப்படி நிக்கிறது?" என்றான் வில்ஃப்.

"நிக்க முடியாது. அதுக்குத்தான் மூணடி உயரம் வெச்சிருக்கேன்."

"உக்காந்துக்கிறேன்."

"யோவ், இது பீப்பாய்க்கு. பீப்பாய் மாதிரி இருக்கறவங்களுக்கு இல்ல."

வண்டியில் நின்ற டெனிஸ் சிரித்தான். வில்ஃபின் மச்சான்; அவனும் தோள் அகலத்தில் கதவை அடைக்கிற ஆள்தான். "இன்னொண்ணு கேட்டுக்கோங்க. பீப்பாயை இதுமேல தூக்கிப் போடாதீங்க. மெதுவா உருட்டி ஏத்துங்க. போட்டீங்க, கையை ஒடிப்பேன்" என்றாள் நோரா. அவளோ ஐம்பது கிலோகூட முழுசாகத் தேறாதவள். மேவிஸ் வழக்கப்படி வண்டிக்காரர்களுக்கான இரண்டு கிளாஸ் பீரை ஜன்னல் கட்டையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க நின்றாள்.

அளவு நாடாவை எடுக்க நோரா வேன் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். வில்ஃப் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து, கூண்டுக்குள் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டான். "விடுடா மச்சான்!" டெனிஸ் பிரேக்கை அழுத்தினான். நோரா ஓடிவருவதற்குள் வில்ஃப் கீழே போய்ச் சேர்ந்துவிட்டான்.

"ராஜா மாதிரி இருக்கு! தூக்குங்கடா இப்ப!"

டெனிஸ் அழுத்தினான். கூண்டு அசையவில்லை.

"தூக்காது," என்றாள் நோரா. உள்ளே கொதித்தாலும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "முப்பது கிலோவுக்கு மேல தூக்காத மாதிரிதான் எதிர் எடை வெச்சிருக்கேன். காலிப் பீப்பாய் ரெண்டு வரும். நீ வரமாட்ட. படியேறி வா."

"பழிகாரி," என்றான் வில்ஃப், சந்தோஷமாக. "சரி, வந்தது வந்தாச்சு. பீப்பாயை விடுங்க, நான் கீழ வாங்கிக்கிறேன்."

காலிக் கூண்டு மேலே வந்தது. டெனிஸ் அறுபது கிலோப் பீப்பாய் ஒன்றை உருட்டி ஏற்றினான். நோராவே பிரேக்கைப் பிடித்தாள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற பதத்தில் அது இறங்கி, நிலவறைத் தரையோடு தரையாக நின்றது. அவளுக்குக் கண் கலங்கியது. ஆறு வருஷம்.

வில்ஃப் பீப்பாயை வெளியே சாய்த்து, முப்பது வருஷப் பழக்கத்தில் காலால் ஒரு உதை விட்டான். எப்போதும் அந்த உதை பீப்பாயை வைக்கோல் மூட்டையிலிருந்து பிய்த்து எடுக்கத்தான் சரியாக இருக்கும். இப்போது மூட்டை இல்லை. வழவழப்பான கல்தரை, சாக்கடைப் பக்கம் சரிவு வேறு. பீப்பாய் தறிகெட்டு ஓடி, மறுகோடியில், பப்புக்குள் ஏறும் படிக்கட்டின் அடியில் நிறுத்தியிருந்த கேஸ் சிலிண்டர்களில் போய் மோதியது.

முதலில் ஒரு டங். அப்புறம் குழாய் முறிந்து, காதைக் கிழிக்கிற சீறல்.

மேவிஸின் முகம் வெளுத்தது. பீரைக் குழாய்க்குத் தள்ளுகிற கரியமில வாயு அது. நெருப்புப் பிடிக்காது, நாற்றமும் கிடையாது. கனமானது, தரையில் படிந்து நிலவறையைத் தண்ணீர் மாதிரி நிரப்பும். உள்ளே இருக்கிறவன் இரண்டு மூன்று நிமிஷத்தில் சுருண்டு விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் பக்கத்திலேயே விழுவான். போன வருஷம் பிராட்ஃபோர்டில் ஒரே நிலவறையிலிருந்து அப்பனையும் மகனையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

"வில்ஃப்! படிக்கு ஓடு!"

"முடியல! அங்கதான் சீறுது!" வெள்ளைப் புகைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. "ஏணி எங்க? ஏணி எங்கடா?"

ஏணி கொல்லைப்புறத்தில் இரண்டு துண்டாகச் சாய்ந்திருந்தது.

"நான் படி வழியா போறேன்" என்று மேவிஸ் உள்ளே பாய்ந்தாள். நோரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "போனா நீயும் செத்த! முதல்ல தீயணைப்புக்குப் போன் போடு. போட்டுட்டு நேரா இங்க ஓடிவா!"

கீழே வில்ஃப் தவழ்ந்து வந்து கூண்டுக்குள் பாதி உடம்பைக் கிடத்தியதும், காலை உள்ளே இழுத்துக்கொண்டதும் தெரிந்தன. "தூக்குடா..." என்று மச்சானிடம் கெஞ்சினான். அப்புறம் தலை சாய்ந்துவிட்டது.

டெனிஸ் கம்பிக் கயிற்றைப் பற்றி இழுத்தான். நோரா பார்த்துப் பார்த்து கிரீஸ் தடவிய கயிறு. உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வழுக்கியது. "எழும்ப மாட்டேங்குதே! என்ன எழவைப் பண்ணி வெச்சிருக்க நீ!" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். கத்தட்டும், நியாயம்தான்.

நோரா கணக்குப் போட்டாள். வேறெதுவும் அவளுக்கு ஓடவில்லை. நூற்றெட்டு. லிஃப்ட் தூக்குவது முப்பது. எடை கூட்டிக் குறைத்துப் பார்க்கக் கொண்டுவந்த பத்துக் கிலோ இரும்புத் துண்டுகள் மூன்று, வேனில். ஓடிப்போய் எடுத்துவந்து எதிர் எடையில் செருகினாள். அறுபது. இன்னும் நாற்பத்தெட்டு வேண்டும். பீப்பாயைக் கட்டித் தொங்கவிடலாமென்றால், ஒன்பது அங்குலப் பள்ளத்தில் பீப்பாய் நுழையாது. டெனிஸ் நுழைய மாட்டான். போன் போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்ற மேவிஸ் நுழையவே மாட்டாள்.

நாற்பத்தெட்டு கிலோவில், ஒன்பது அங்குலத்தில் நுழைகிறதாக அந்தச் சந்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"மேவிஸ், பிரேக்கைப் பிடி. அழுத்தினா ஓடும், விட்டா நிக்கும். டெனிஸ், இங்க பாரு. நான் எதிர் எடை மேல ஏறி நிக்கிறேன். நான் கீழ போவேன், அவன் மேல வருவான். அவனை இழுத்துப் போட்டதும் கூண்டுல நிறைஞ்ச பீப்பாய் ரெண்டு ஏத்து. அது இறங்கும், நான் வருவேன். ஒண்ணு பத்தாது. ரெண்டு. சொல்லு!"

"ரெண்டு," என்றான் டெனிஸ், வாய் கோணி.

அவள் பக்கவாட்டாகத் திரும்பி, வயிற்றை எக்கி, பள்ளத்துக்குள் இறங்கினாள். இரும்பின்மேல் கால் பதிந்தது. மூக்கு சுவரில் உரசியது. மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, தலையை ஆட்டினாள். மேவிஸ் அழுத்தினாள். ஒரு கணம் எதுவும் நகரவில்லை. டெனிஸ் கம்பியைச் சட்டைத்துணியால் சுற்றிச் சுண்டி இழுத்தான்; கூண்டு தரையை விட்டது.

நோரா கீழே போனாள். வெளிச்சம் ஒரு பட்டையாகி மேலே போயிற்று. சீறல் காதை அடைத்தது. குளிர் முதலில் காலில் ஏறியது, அப்புறம் இடுப்பில். இரும்பு தரையைத் தொட்டு நின்றது.

எண்ணினாள். பத்து. மேலே தரதரவென்று இழுக்கும் சத்தம். இருபது. "பெல்ட்டு மாட்டிக்கிச்சு! தலையைக் குனிய வைக்க முடியல!" டெனிஸின் அலறல். மூன்றடி உயரம். மனுஷன் ஏறக் கூடாதென்று வைத்த மூன்றடியிலிருந்து மனுஷனை எடுக்கவும் முடியவில்லை. முப்பது. நெஞ்சு வெடித்தது. லெஸ்லி சாயங்காலம் சோறு இல்லாமல் உட்கார்ந்திருப்பான் என்று, சம்பந்தமே இல்லாமல், ஒரு நினைப்பு வந்தது. நாற்பது. தொம்மென்று கனமாக ஏதோ நடைபாதையில் விழுந்தது. வில்ஃப்தான்.

பீப்பாய் ஒன்று உருண்டு கூண்டில் ஏறியது. எதுவும் அசையவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று அவள் மனசு அலறியது. அப்போதுதான் மேவிஸ் வீரிட்டாள். "ஐயோ, சந்துல உருளுதே!" இரண்டாவது பீப்பாய் டெனிஸின் கையிலிருந்து நழுவிச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. கடகடவென்ற அந்தச் சத்தம் தூரத்தில் தேய்வதை நோரா கேட்டாள்.

அவளை மீறி மூச்சு உள்ளே போயிற்று. சோடா மூக்கில் ஏறியதுபோல் சுரீரென்றது. கண் இருட்டியது. முழங்கால் மடங்கப் பார்த்தது, மடங்க இடமில்லை. அந்த ஒன்பது அங்குலம்தான் அவளை நிறுத்தி வைத்திருந்தது.

மேலே வண்டியின் பலகை இடித்தது. டெனிஸ் இறக்கி உருட்டவெல்லாம் இல்லை. வண்டித் தளத்திலிருந்தே ஒரு பீப்பாயைத் தூக்கி, எந்த வண்டிக்காரனும் செய்கிறபடி, நேராகக் கூண்டின்மேல் எறிந்தான். சட்டம் முழுக்க அதிர்ந்தது. கூரைக் கம்பி வளைந்தது. காலடி இரும்பு அவளைத் தூக்கியது.

நடைபாதையில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தாள். கண் தெளிந்தபோது பக்கத்தில் வில்ஃப் மல்லாந்து கிடந்தான். உதடு நீலம். டெனிஸ் அவன் நெஞ்சில் குத்திக்கொண்டு அழுதான். "மச்சான், எழுந்திரு மச்சான், அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்." நோரா தவழ்ந்து போய், வில்ஃபின் மூக்கைப் பொத்தி, வாயில் ஊதினாள். நாலு தடவை. ஐந்தாவதில் அவன் விக்கினான், இருமினான், ஒரு நீண்ட மூச்சை இழுத்தான். நோரா அவன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

தீயணைப்பு வண்டி வந்தது, ஆஸ்பத்திரி வண்டியும் வந்தது. தூக்குப் படுக்கையில் ஏற்றும்போது வில்ஃப் அவள் கையைப் பிடித்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான் ஏறி வரமாட்டேன்னு சொன்னியேம்மா. ஏறிட்டேன் பாத்தியா. நல்லாத்தான் தூக்குது உன் லிஃப்ட்டு."

"அது தூக்கலய்யா," என்றாள் நோரா. "ஏணி இருந்திருந்தா நீயே ஏறி வந்திருப்ப."

பதினோரு மணிக்கு லம் வந்தார். கழுத்துப்பட்டை கசங்காத மனுஷன். வளைந்த கூண்டையும், நடைபாதையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் கோடு இழுத்துக்கொண்டிருந்த, தலையெல்லாம் கிரீஸான பெண்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மேவிஸ் நடந்ததை ஒன்றும் பாதியுமாகச் சொல்ல ஆரம்பித்தாள். உங்கள் லிஃப்ட்தானே ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று அவர் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. முப்பது பப், கையெழுத்துப் போடுகிற தூரத்தில் நின்றது.

"சோதனை தோத்துப்போச்சு சார்," என்றாள் நோரா முந்திக்கொண்டு. "நீங்க இன்னைக்கு வாங்கக் கூடாது. புதுசா வரைஞ்சு கொண்டாறேன்."

அவர் குனிந்து தாளைப் பார்த்தார். அதே கூண்டு, அதே பிரேக். எதிர் எடைக்குப் பக்கத்தில் மட்டும் வாயை அகலப்படுத்தி, வெற்றாக ஓர் இடம் விட்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் எதுக்கும்மா இவ்வளவு இடம்? சின்னதா இருக்கறதுதானே இதோட விசேஷம்னு எழுதியிருந்தீங்க?"

அவள் கொல்லைப்புறத்திலிருந்து தூக்கிவந்து பக்கத்தில் போட்டிருந்த இரண்டு துண்டுகளைக் காட்டினாள்.

"ஏணிக்கு" என்றாள்.