பத்தாயிரத்து ஏழு பேர்

பத்தாயிரத்து ஏழு என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. பகா எண். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறு எதற்கும் வகுபடாத பிடிவாதக்காரன்.

புது விளையாட்டரங்கத்தின் திறப்பு விழா. ஆளுக்கொரு வண்ண அட்டையைத் தூக்கிப் பிடித்தால் மேலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய பறவை தெரிய வேண்டும். யாரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று கணக்குப் போடுவது என் வேலை. செவ்வகமாக நிற்க வேண்டும், ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பது மேலாளரின் கட்டளை. பெயர் கொடுத்தவர்களோ பத்தாயிரத்து ஏழு பேர். ஒரே வரிசையாக நிறுத்தினால்தான் உண்டு.

"ஒருத்தரக் கழிச்சிடும்மா," என்றார் மேலாளர்.

"கழிச்சா ரெண்டு வரிசைதான் சார் வரும். வரிசைக்கு அஞ்சாயிரத்து மூணு பேர்."

"அப்ப ரெண்டு பேரக் கழி."

அது சரியாக வந்தது. எண்பத்தேழு வரிசை, வரிசைக்கு நூற்றுப் பதினைந்து பேர். கடைசியாகப் பெயர் கொடுத்த இருவர் யாரென்று பார்த்தேன். என் தங்கையும் அவள் மாமியாரும்.

கணவர் இறந்த பிறகு ஒரு வருடமாகத் தங்கை வாசலைத் தாண்டவில்லை. நாங்கள் கெஞ்சிக் கூத்தாடியும் பலிக்கவில்லை. மாமியார்தான், "எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாம்மா" என்று இல்லாத பயத்தைக் காட்டி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார். இப்போது நானே போய் "நீ வேண்டாம்" என்று சொல்வதா?

"யாரையும் கழிக்க வேண்டாம் சார். சேத்துப் பாக்குறேன்."

ஒருவரைச் சேர்த்தேன். எழுபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூற்று முப்பத்தொன்பது பேர். மைதானத்தில் எந்தப் பக்கமும் நூற்றிருபது பேருக்கு மேல் நிற்க இடமில்லை. சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொருவரையும் சேர்த்தேன். பத்தாயிரத்து ஒன்பது. அதுவும் பகா எண். இரட்டைப் பிறவிகள், ஒருவனுக்கு ஒருவன் சளைத்தவனில்லை. மூன்றாவது ஆளைச் சேர்த்ததும் எண்ணின் முகமே மாறிவிட்டது. பத்தாயிரத்துப் பத்து. இரண்டு, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று யார் கேட்டாலும் வகுபட்டுக் கொடுக்கும் தாராளப் பிரபு. தொண்ணூற்றொரு வரிசை, வரிசைக்கு நூற்றுப் பத்துப் பேர்.

"பேர் குடுக்குற நாள்தான் முடிஞ்சிடுச்சே. மூணு பேருக்கு எங்க போவ?"

"நீங்க, நம்ம ஆபீஸ் டிரைவர் அண்ணன், நான்."

மேலாளர் முறைத்தார். பிறகு தொந்தியைத் தடவிக்கொண்டே, "எனக்கு என்ன கலர்?" என்று கேட்டார்.

விழாவன்று கடைசி வரிசையில் மாமியார், தங்கை, நான். அட்டையைத் தூக்கச் சொன்னபோது தங்கை அதை மார்போடு அணைத்துக்கொண்டே நின்றாள். மாமியார் முழங்கையால் லேசாக இடித்தார். தூக்கினாள். இறக்கச் சொன்ன பிறகும் இறக்காமல் நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலையும்போது கேட்டாள்: "நாளைக்கும் இருக்காக்கா?"

ஒரு நாள் விழாதான். மாமியார் என்னைப் பார்த்தார்.

"இருக்கு," என்றேன்.

எங்கே, என்ன என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.