வரைபடத்தில் கோளாறில்லை

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர், மனைவியின் மூளை அலைப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார். "ஏதாவது கோளாறு தெரிஞ்சாத் தேவலைங்க" என்றார். நல்லபடியாக வரவேண்டும் என்று சொல்லவில்லை. பெயர் கேட்கத் தோன்றவில்லை. சிவப்பிரகாஷ் என்று வைத்துக்கொள்கிறேன், கேரள எல்லையோர எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு. மனைவி மௌனிகா.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மௌனிகாவின் தலைக்குள் ஒரு புயல்—’

(அடித்துவிட்டேன். அவள் தலைக்குள் நான் போனதில்லை. சிவப்பிரகாஷும் போனதில்லை. அவன் துக்கமே அதுதான்.)

அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எட்டு மாதமாக, தோப்பில் மோட்டார் ஓடினால் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லி அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், குக்கரில் எத்தனை விசில் என்று மறந்து நிற்கிறாள்.

அவன் அம்மா வள்ளியாத்தாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "மூளையில வியாதின்னா நம்ம ஊட்லயே வெச்சுப் பாத்துக்கலாம் சாமி. பைத்தியம்னா அவ அப்பன் ஊட்டுக்கு அனுப்பிப்போடு."

3

வள்ளியாத்தாளைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பரிசோதனைக்குப் புறப்பட்ட காலையில், "தலைய விரிச்சுப் போட்டுட்டுப் போனா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்று மருமகளை உட்காரவைத்து, உச்சியெல்லாம் எண்ணெய் தேய்த்து, இறுக்கிப் பின்னி அனுப்பியவள் அவள்தான். என் திட்டம் கெட்டது.

"எண்ணெ வைக்கக்கூடாதுன்னு அன்னிக்கே பறஞ்சதல்லே சேட்டா? தலையில ஒயர் ஒண்ணும் ஒட்டாது!" என்று மலையாளம் கலந்து கடிந்தாள் பரிசோதனை செய்யும் ஜிஸ்மி.

சிவப்பிரகாஷ் ஓடிப்போய் ஷாம்பு வாங்கி வந்தான். கை கழுவும் குழாயடியில் மௌனிகாவைக் குனியவைத்து அலசினான்.

"ஏனுங்க, கண்ணுல போகுது."

"மூடிக்க அம்மிணி."

"கண்ணாலமாகி ஆறு வருசத்துல இப்பத்தான் தலை தேச்சு உடறீங்க" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு.

(குடும்பக் கதை எழுதியே பழகிய கை, இங்கேயே முடித்துவிடச் சொல்கிறது.)

4

டாக்டர் சித்ரா அவளிடம் கேட்டார்: "நூறுல ஏழு போனா?"

"எதுக்குங்க போகோணும்? அதுபாட்டுக்கு இருக்கட்டுங்க."

சிவப்பிரகாஷ் சிரிக்கப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூளை அலைகளின் வரைபடம் வந்தது. "அலைகள்ல கோளாறில்லை, வலிப்பும் இல்லை" என்றார் டாக்டர். "ஆனா நோய் உண்டு. எல்லா நோயும் இந்தப் படத்துல தெரியாது. மாத்திரையை நிறுத்தாதீங்க. கணக்கும் ஞாபகமும் மெதுவாத்தான் வரும். முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது."

கோளாறில்லை என்ற சொல்லோடு அவனுக்குக் காது அடைத்துவிட்டது. அம்மாவின் கணக்கில் அதற்குப் பைத்தியம் என்றுதான் பொருள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மூளையில் கோளாறுதான் என்று அம்மாவிடம் பொய் சொல்கிறான். மௌனிகா வீட்டில் இருக்கிறாள், பொய்யும் கூடவே குடியிருக்கிறது. அல்லது, உண்மையைச் சொல்கிறான், வள்ளியாத்தாள் உடனே—

(தெரியவில்லை. அந்த எண்ணெய்க் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.)

வரைபடத்தில் ஒரு கோட்டை நானே வளைத்துவிடலாம். பெஞ்சில் இருந்த மனிதருக்கு யாரும் அப்படி வளைத்துத் தரவில்லை.

அவன் போன் அடிக்கிறது, வள்ளியாத்தாள்.

"சாமி, என்னன்னு வந்துது?"

சிவப்பிரகாஷ் வாய் திறக்கிறான். மௌனிகா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை, அவனுக்குப் பதில் நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கும் கேட்கும்.